மாமரம் பற்றிய ஒரு பொய்

அலுமாரியின் அடித்தட்டில் அந்தக் கோட் கிடந்தது. மாத்தளையின் மழைக்காலங்கள் அதன் கழுத்துப்பட்டியில் பூஞ்சணம் படிய வைத்திருந்தன. மகன் கனடாவுக்கு அழைக்கிறான். விசாவும் வந்துவிட்டது. "பெரிசா ஒன்டும் கொண்டு வராதீங்க உம்மா, குளிருக்கு ஒரு கோட் ஈந்தாப் போதும்" என்கிறான். அதை எடுத்து வெயிலில் போட்டேன். 2014 டிசம்பர் பாடசாலை விடுமுறையில் பாரிஸ் விமான நிலையத்தில் தம்பி எனக்குப் போர்த்திவிட்ட கோட் அது.

அந்தக் குளிரைவிட என்னை மிரட்டியது அந்தப் பகலின் குறுக்கம்தான். காலை 8.30 மணி தாண்டியும் சூரியனைக் காணோம். மாலை 5 மணிக்கு முன்பே மஃரிப். ளுஹரைத் தொழுது நிமிர்ந்தால் அஸர் வந்துவிடும். வேலைக்குப் போகிற தம்பி இருட்டில் இறங்கி இருட்டிலேயே வீடு திரும்பினான்.

ஒரு ஞாயிறன்று பாரிஸ் பெரிய பள்ளிவாசலுக்குக் கூட்டிப் போனான். முதலாம் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்ட முஸ்லிம் வீரர்களின் நினைவாகக் கட்டப்பட்டு 1926இல் திறக்கப்பட்ட பள்ளி. 33 மீற்றர் உயர மினாராவை அண்ணாந்து பார்த்தபோது, பிறந்த மண்ணுக்குத் திரும்பாமலே போன அந்த மனிதர்களின் உம்மாமார்தான் என் நினைவில் வந்தார்கள். திரும்பும் வழியில் லாச்சப்பலில் இறங்கினோம். தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்கு நடுவே கொறக்காவும் மாசியும் வாங்கினான் தம்பி. ஊரிலிருந்து நான் சுமந்து போன மிளகும் கராம்பும் அங்கேயும் விற்பனைக்கு இருந்தன. எனக்கு வெட்கமாகிவிட்டது. அவனோ என் பொட்டலத்தைத்தான் மோந்து மோந்து பார்த்தான்.

நான் போய் இறங்கிய முதலிரவே கேட்டிருந்தான்:

"ராத்தா, பொறகால மாமரம் ஈக்கா?"

வாப்பா நட்ட மரம். மகளின் கலியாணத்துக்கு அறையொன்று கூட்டிக் கட்டுவதற்காக, முந்திய வருடம்தான் அதைத் தறித்திருந்தோம். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஈக்கி. இந்த வருஷமும் நல்லாக் காச்சீக்கி" என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. அங்கேயே பிறந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, பாதி தமிழிலும் பாதி பிரெஞ்சிலும் அந்த மரத்தின் கதையைச் சொன்னான். நான் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2018இல் உம்மாவின் மௌத்துக்கு வந்தான். ஜனாஸா அடக்கம் முடிந்த பின்னேரம் வீட்டின் பின்புறம் போய்க் கொஞ்ச நேரம் நின்றான். திரும்பி வந்து கை கழுவினான். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

மாத்தளையின் ரயில் பாதை 1880இல் போடப்பட்டது. இந்த ஊரோடு அது முடிந்துவிடுகிறது. இங்கிருந்து ரயிலேறுகிறவனுக்கு ஒரே திசைதான். 2022 நெருக்கடியில் அந்தத் திசையில் போனவர்களுக்குக் கணக்கில்லை. அந்த ஒரு வருடத்தில் மட்டும் நாட்டைவிட்டு வேலை தேடிப் போனவர்கள் 3 இலட்சத்துக்கும் மேல். எங்கள் தெருவிலும் பூட்டிய வீடுகள் உண்டு. அவற்றின் சாவிகள் யாரோ ஒரு தங்கச்சியிடமோ மச்சானிடமோ இருக்கின்றன.

நேற்றிரவு தம்பிக்கு அழைப்பெடுத்தேன். பயணத் திகதியைச் சொன்னேன். கோட்டை வெயிலில் போட்டதையும் சொன்னேன். சிரித்தான். பிறகு மெல்லச் சொன்னான்:

"ராத்தா, அங்க போன பொறகு ஊரைப் பத்தி எல்லாத்தையும் கேக்காதீங்க. கேட்டா, அவங்களுக்குப் பொய் சொல்ல வேண்டி வரும்."

அவன் எவ்வளவு காலமாக அதை அறிந்திருந்தான் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நாளை தங்கச்சியிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும். முற்றத்துப் பலா மரம், உம்மாவின் கட்டில், மையவாடியில் வாப்பாவின் கபுறடி, எல்லாவற்றையும் அவள் பொறுப்பில்தான் விட்டுப் போகிறேன். எது போனாலும் உள்ளதை உள்ளபடி சொல்லு என்று அவளிடம் சொல்ல வேண்டுமென்றுதான் நினைக்கிறேன். சொல்லுவேனா என்பது தெரியவில்லை.