எந்த மஞ்சள்?

தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் மாவு மில். வாசலை நெருங்கும்போதே தும்மல் வந்துவிடுகிறது. உள்ளே மூன்று மிஷின்கள்: மாவுக்கு ஒன்று, மிளகாய்க்கு ஒன்று, ஓரத்தில் சீயக்காய்க்கு ஒன்று. மில்காரருக்குப் புருவம்வரை மாவு.

முதலில் ஓர் அக்கா. தூக்கில் காய்ந்த மிளகாய், தனியா. மேலாக இரண்டு கைப்பிடி விரலி மஞ்சள், ஈரோட்டுச் சரக்கு. மஞ்சளை மட்டும் பொறுக்கி இரும்பு உரலில் தட்டுகிறார் மில்காரர். வேகவைத்து உலர்த்திய கிழங்கு. உடைந்த இடம் செம்மஞ்சளாய், மெழுகு பூசினாற்போல் மினுங்குகிறது.

"முழுசாப் போட்டா மிஷின் திணறும்க்கா."

பாதி மஞ்சள் குழம்பு மிளகாய்த்தூளுக்கு. மீதியைத் தனியாக அரைக்கச் சொல்கிறார் அக்கா. காசிமேட்டிலிருந்து வரும் சங்கராவைக் கல்லுப்பும் மஞ்சளும் போட்டு அலசினால்தான் கவுச்சி போகும்.

அடுத்து ஓர் ஆயா. பையில் பச்சைப்பயறு, ரோஜா இதழ், பூசுகிற குண்டு மஞ்சள், சமையலுக்கு ஆகாத கஸ்தூரி மஞ்சள். பேத்திக்கு நலங்கு மாவு. மிளகாய் மிஷின் பக்கம் பையை வைக்கக்கூட விடவில்லை.

"அதுல போட்டியோ, கொயந்த மூஞ்சி எரிஞ்சிடும். பாத்துக்கோ."

சீயக்காய் மிஷினையும் அவர் நம்புவதாயில்லை. ஒரு பிடி பயறை முதலில் ஓட்டி, வந்த மாவைக் கீழே கொட்டச் சொன்ன பிறகுதான் பையை அவிழ்க்கிறார்.

பெல்ட்டை மாற்றும்போது மில்காரருக்கு விரலில் கீறல். எட்டி ஒரு சிட்டிகை மஞ்சள்தூளை எடுத்து அப்பிக்கொண்டு வேலையைத் தொடர்கிறார். மஞ்சள் புண்ணாற்றும் என்பதைப் புதுக் கண்டுபிடிப்பாகக் காட்டி 1995-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை வாங்கியது. இந்தியாவின் சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களைச் சான்றுகாட்டி எதிர்த்தது. 1997-ல் அது ரத்தானது. இவர் அப்பியது அந்த வழக்கெல்லாம் தெரிந்து அல்ல.

படியேறாமல் வாசலிலேயே நிற்கிறார் ஒரு பெண்.

"வூட்ல அம்மா வந்திருக்கு அண்ணா. தொத்து ஆஸ்பத்திரில காட்டி மாத்திரை வாங்கியாச்சு. நாளைக்குத் தலைக்குத் தண்ணி. மொளகாய அப்பால அரைச்சுக்கலாம், மஞ்சளை மட்டும் குடுத்துடு. அம்மில அரைச்சுக்கிறேன்."

காலையில் அவர் கொடுத்துவிட்டுப் போன பையிலிருந்து மில்காரர் மஞ்சளைப் பொறுக்குகிறார். காரம் ஒட்டியிருக்குமோ என்று யோசித்து அதைத் திரும்பப் போட்டுவிட்டு, சாமி படத்தடியில் இருக்கும் தன் டப்பாவிலிருந்து நாலு விரலி எடுத்துக் கொடுக்கிறார்.

வரிசையில் அடுத்தவர் தூக்கை நீட்டுகிறார். மில்காரர் வாங்கவில்லை.

"எதுக்கு மஞ்சள்? கொழம்புக்கா, பூசவா, அம்மாவுக்கா? அத்த மொதல்ல சொல்லு."