செந்தொப்பிக் குஞ்சுகள்

நியூஜெர்சியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மேப்பிள் மரம் ஒன்று நிற்கிறது. அதன் கிளையில் சிறு கம்பிக்கூண்டைத் தொங்கவிட்டு, மரங்கொத்திகளுக்காகக் கொழுப்புக் கட்டி வைத்து வருகிறோம். இக்கட்டிகள் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பால் ஆனவை. பன்றிக் கொழுப்பில் செய்பவர்களும் உண்டு. பறவைக்கு ஹலால், ஹராம் என்னும் சட்டம் இல்லைதான். எனினும் அதைக் கையால் எடுத்து வைப்பவர்கள் நாங்கள் அல்லவா? உறையில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்தே வாங்குகிறோம். வெயில் ஏறினால் கொழுப்பு உருகி இறகுகளில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், கோடையில் விடிந்ததும் வைத்து முற்பகலிலேயே எடுத்துவிடுகிறோம்.

வருபவை டௌனி மரங்கொத்திகள். இந்நாட்டு மரங்கொத்திகளிலேயே மிகச் சிறியவை; நம் ஊர்ச் சிட்டுக்குருவியின் அளவுதான். வளர்ந்த ஆணுக்குப் பிடரியில் ஒரு சிவப்புப் பொட்டு உண்டு. பெண்ணுக்கு அதுவும் இல்லை. குஞ்சுகளுக்கோ உச்சந்தலையில் சிவப்பு. எங்கள் இளைய மகன் அவற்றுக்குத் 'தொப்பிக்காரர்கள்' என்று பெயரிட்டிருக்கிறான். இலையுதிர் காலத்துக்குள் அத்தொப்பி உதிர்ந்துவிடும். சுலைமான் நபி (அலை) அவர்களின் ஹுத்ஹுத் இதுதானா என்றும் அவன் கேட்டான். தமிழில் சிலர் ஹுத்ஹுதை மரங்கொத்தி என்று சொல்வதால் வரும் குழப்பம் இது. ஹுத்ஹுத் என்பது கொண்டலாத்தி. அது வேறு பறவை.

முட்டை பொரிய ஏறத்தாழ 12 நாள்; குஞ்சு பொந்தை விட்டு வெளிவர மேலும் சுமார் 3 வாரம். வெளிவந்த பின்னும் ஏறக்குறைய 3 வாரம் தாயும் தந்தையும் ஊட்டுகின்றன. எங்கள் கண்முன் நடப்பது இந்தக் கடைசிப் பகுதியே. முதலில் குஞ்சு அடிமரத்தில் ஒட்டிக்கொண்டு, சிறகைப் படபடவென அடித்துக் கத்துகிறது. தந்தைப் பறவை கூண்டில் கொத்தியெடுத்து வந்து அதன் அலகுக்குள் வைக்கிறது. ஒரு முழத் தொலைவில் உணவு தொங்கியும் குஞ்சு அதைக் கண்டுகொள்வதில்லை. அதற்கு உணவு என்பது பெற்றோரின் அலகுதான். சில நாள் கழித்துத் தந்தையின் பின்னாலேயே கூண்டுவரை வருகிறது. தந்தையோ தான் தின்றுவிட்டுப் பறந்துவிடுகிறது. குஞ்சு கம்பியைக் கொத்துகிறது, கிளையைக் கொத்துகிறது, சங்கிலியையும் கொத்துகிறது. பிறகு எப்போதோ அலகில் கொழுப்பு ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் கத்துவது குறைகிறதே தவிர நிற்பதில்லை. பெற்றோரைக் கண்டால், தானே தின்று முடித்த குஞ்சும் வாயைத் திறக்கிறது.

எங்கள் மூத்த மகள் ஆகஸ்டு இறுதியில் வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகத்துக்குச் செல்கிறாள். மீன் ஆணம் வைக்கக் கற்றுக்கொண்டுவிடுவாள், இன்ஷா அல்லாஹ். அது எங்களுக்குப் பெரிய கவலை இல்லை. சுப்ஹுக்கு அவளை இன்னும் நாங்கள்தான் எழுப்புகிறோம். இம்மாதமே அதை நிறுத்திவிடலாமா என்பதில் எங்கள் இருவருக்குள் கருத்து ஒன்றுபடவில்லை. தொழுகை தவறிவிடுமே என்று ஒருவர் அஞ்சுகிறோம். நாம் அருகில் இருக்கும் நாள்களிலேயே அவள் பழகட்டும் என்கிறார் மற்றவர். இப்போதைக்கு, அவள் அறையில் அலாரம் ஒலித்ததும் பத்து நிமிடம் பொறுத்திருந்து, பிறகே கதவைத் தட்டுகிறோம். இவ்வாரம் இரண்டு நாள் தட்ட வேண்டியிருக்கவில்லை.