பிழை யாருடையது?

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவி)

திருகு அளவியைக் கையில் எடுத்ததும் சுழிப்பிழை பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆய்வுக்கூடத்தின் முதற்பாடம். பிழை இருந்தால் கருவியைத் தூக்கி எறிவதில்லை. கணக்கில் சேர்த்துத் திருத்திக்கொள்கிறோம். இப்பாடத்தின் முழுப்பொருளை எனக்குக் கற்பித்தவள் என் தங்கை.

அவளுக்கு வயது 14. மூளை முடக்குவாதம். பேச்சு வராது, கைகள் சொன்னபடி கேட்பதில்லை. கண்ணசைவால் பேச உதவும் கருவி உண்டு எனக் கேள்விப்பட்டு, சென்ற ஆண்டு ஒரு பயிற்சி மையத்துக்கு அழைத்துச் சென்றோம்.

அக்கருவி விழியின்மேல் அகச்சிவப்பு ஒளியை வீசுகிறது. விழியின் முன்பரப்பில் அது பிரதிபலிக்கும் புள்ளிக்கும் கண்மணியின் நடுவுக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு பார்வையின் திசையைக் கணிக்கிறது. ஆனால் விழியின் அச்சும் பார்வைக்கோடும் ஒன்றல்ல. இடையே சுமார் 5 பாகை வேறுபாடு உண்டு. அது ஆளுக்கு ஆள் மாறும். அதைத் திருத்தவே, திரையில் வரிசையாகத் தோன்றும் 9 புள்ளிகளை உற்றுப் பார்க்கச் சொல்கிறார்கள்.

தங்கையால் ஒன்றைக்கூட உற்றுப் பார்க்க முடியவில்லை. விழிகள் அலைந்தன, தலை சாய்ந்தது. மூன்று முறையும் தோல்வி. “பிள்ளைக்குப் புரியலை போலிருக்கே” என்றார் அங்கிருந்தவர். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குச் சுழிப்பிழை நினைவுக்கு வந்தது. “அக்கா, அந்தப் புள்ளிக்குப் பதிலா அம்மா முகத்தை வைக்க முடியாதா?” என்று பயிற்சியாளரைக் கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. கைக்குழந்தைகளுக்கு ஒலியோடு அசையும் படங்களைக் காட்டித்தான் அளவு திருத்துவார்களாம். 9 புள்ளிகள் போய், திரையின் நடுவில் அம்மாவின் முகம் ஒன்றே அசைந்தது. அம்மாவின் குரலும் கேட்டது. தங்கையின் விழிகள் ஒரு கணம் நின்றன. அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது!

ஓரிடத்தில் மட்டும் திருத்தினால் துல்லியம் குறையும். ஆகவே திரையில் இரண்டே பெரிய படங்கள்: பால், தேநீர். அவள் தேநீரைப் பார்த்தாள். தற்செயலோ என்று ஐயுற்று, படங்களை இடம்மாற்றி மாற்றி வைத்தேன். ஆறில் ஐந்து முறை பார்வை தேநீரைத் தேடிச் சென்றது.

எத்தனை ஆண்டுகள் பாலைப் புகட்டி, துப்புகிறாளே என்று கடிந்திருக்கிறோம்!

நண்பர்களே, ஒருவருக்குப் புரியவில்லை என்று எழுதிவைக்கும் முன், நம் கையிலுள்ள அளவுகோலின் சுழிப்பிழையைப் பார்த்துக்கொள்வோம்.

இப்போது எங்கள் வீட்டில் மாலைதோறும் ஒரு குவளைத் தேநீர் கூடுதல்.