இரண்டாம் வகுப்பும் இலவு காத்த கிளியும்

வட இந்தியாவில் குழந்தை வளர்ப்பவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே பள்ளிக்கூடம் குழந்தைக்கு மட்டும் இல்லை, மொத்தக் குடும்பத்துக்கும்தான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல் வகுப்பு வாட்ஸப் குழுவில் அடுத்த வாரத்துப் பட்டியல் வந்து விழும். திங்கள் மஞ்சள் சார்ட் பேப்பர், செவ்வாய் காய்கறி, புதன் ஏதாவது ஒரு பூ... தங்கமணி அதைச் சத்தமாகப் படிப்பார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனரி கடைக்கு ஓடுவேன்.

பிப்ரவரியில் இந்தப் பட்டியல் ரொம்பவே நீளும். நவம்பரில் புகை விடுமுறை, ஜனவரியில் குளிர் விடுமுறை, மார்ச் வந்தால் ஆண்டு முடிந்தது. நடுவில் சட்டை மேல் ஸ்வெட்டர் போதும் என்கிற மாதிரி கிடைப்பது இந்த நாலைந்து வாரம்தான். விட்டதை எல்லாம் இதற்குள் அடைத்துவிடுவார்கள்.

நான் சொல்ல வந்தது 2025-ல் அப்படி வந்த ஒரு வாரம். பிப்ரவரி 17 திங்கள் முதல் 22 சனி வரை. எங்கள் வாண்டு அப்போது நொய்டாவில் இரண்டாம் வகுப்பு. பொங்கல் கழிந்து அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த என் அம்மா, அதாவது வாண்டுவின் ஆச்சி, வீட்டில் இருந்தார். மார்ச் கடைசியில் திருக்குறள் எக்ஸ்பிரஸில் திரும்ப டிக்கெட். ஆச்சிக்கு ஹிந்தியில் தெரிந்தது 'நஹி' மட்டும். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

திங்கள்: அன்று காலை 5:36-க்குக் கட்டில் ஆடியது. தில்லி தௌலா குவான் பக்கம் மையம் கொண்ட நிலநடுக்கம், ரிக்டரில் 4. பெரிய எண் இல்லைதான். ஆனால் வெறும் 5 கிலோமீட்டர் ஆழத்தில் வந்ததால் 'கட கட'வென்று சத்தத்தோடு உலுக்கிவிட்டது. குடியிருப்பு மொத்தமும் போர்வையோடு கீழே நின்றது. ஆனால் ஏழு மணிக்கு வழக்கம்போல ஸ்கூல் பஸ் வந்தது.

பட்டியலில் இருந்த மஞ்சள் சார்ட் பேப்பரை அன்று யாரும் தொடவில்லையாம். டீச்சர் மேஜைகளை நகர்த்தி ஒத்திகை நடத்தியிருக்கிறார். ஹிந்தியில் மூன்றே சொல்: ஜுக்கோ, டக்கோ, பக்டோ. மத்தியானம் வீட்டுக்கு வந்த வாண்டு பையைக்கூடக் கழற்றாமல் ஆச்சியை இழுத்துச் சாப்பாட்டு மேஜைக்கடியில் உட்கார வைத்தது. 'ஆச்சி, தர்த்தி ஹிலிச்சுன்னா நீங்க குனியணும். அப்புறம் தலையை மூடணும். அப்புறம் மேஜைக் காலைப் பிடிச்சுக்கணும்.' எழுபது வயதில் மேஜைக்கடியில் இருந்தபடியே ஆச்சி திருத்தினார், 'தர்த்தி இல்லட்டி, பூமி. ஹிலிச்சு இல்ல, ஆடிச்சு.' வீட்டுப்பாடம், அவசரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட ஒரு பை வரைவது. டார்ச், தண்ணீர் பாட்டில், விசில், பிஸ்கட். கடைசியில் ஆச்சியின் வற்புறுத்தலால் ஒரு வெற்றிலைப் பெட்டியும் சேர்ந்தது :-)

செவ்வாய்: வகுப்பறையில் சந்தை. ஆளுக்கு ஒரு காய், அட்டையில் வெட்டிய ரூபாய் நோட்டு. கணக்குப் பாடம் ஆங்கிலத்தில்தான், ஆனால் சந்தை என்றால் ஹிந்தி இல்லாமல் நடக்காதே! இங்கேதான் நம்ம வீட்டுப் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது. ஹிந்தியில் நூறு வரைக்கும் கிட்டத்தட்ட ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். இருபத்தொன்பதுக்கு 'உன்தீஸ்', அதாவது முப்பதுக்கு ஒன்று குறைவு. ஐம்பத்தொன்பது 'உன்சட்', அறுபத்தொன்பது 'உன்ஹத்தர்'. அடுத்த பத்தின் பெயரைச் சொல்லி ஒன்றைக் குறைக்கிறார்கள். சரி, வழி பிடிபட்டுவிட்டது என்று நினைத்தால் எண்பத்தொன்பது 'நவாசி', தொண்ணூற்றொன்பது 'நின்யானவே' என்று தனி வழியில் போகும்.

வாண்டு அறுபத்தொன்பது ரூபாய் முட்டைக்கோசை ஐம்பத்தொன்பதுக்கு விற்றுவிட்டு வந்திருந்தது. கண்ணில் தண்ணீர். ஆச்சி மடியில் இருத்தி, 'தமிழ்ல சொல்லு பாப்போம்' என்றார். அறுபது, ஒன்பது, அறுபத்தொன்பது. எழுபது, ஒன்பது, எழுபத்தொன்பது. கடகடவென்று போனது வண்டி. தொண்ணூறு வந்ததும் பிரேக். 'ஆச்சி, இன்னும் நூறே வரலியே, இதுல ஏன் நூறு இருக்கு?' எனக்கு நாற்பது வருடமாகத் தோன்றாத கேள்வி. தொள்ளாயிரத்திலும் அப்படித்தான், ஆயிரம் வருவதற்கு முன்பே ஆயிரம் வந்துவிடுகிறது. ஆச்சி அசரவில்லை. 'நூறு வீட்டுக்கு அது பக்கத்து வீடுல்லா, அதான் அந்தப் பேரும் ஒட்டிக்கிட்டு.' எந்த மொழியும் ஓரிடத்திலாவது மக்கர் பண்ணும் என்று தெரிந்ததில் வாண்டுவுக்கு ஏக நிம்மதி. உன்ஹத்தரை அன்று ராத்திரியே மனப்பாடம் செய்துவிட்டது.

புதன்: பூ கொண்டுபோகும் நாள். தில்லி வட்டாரத்தில் இந்தப் பருவத்தில் பூவுக்குப் பஞ்சமில்லை. ரவுண்டானாவில் எல்லாம் பெட்டூனியா, பான்ஸி, டாலியா. ஆனால் எங்கள் தெருமுனையில் நிற்பது செமல் மரம். இலை எல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டைக் கிளையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புச் சிவப்பாகப் பூக்கும். இதழ் ஐந்தும் தடிமனாக, மெழுகு பூசினது மாதிரி இருக்கும். காக்கா, மைனா எல்லாம் தேன் குடிக்க வந்து ஒரே ரகளை. அந்த வருடம் முதலில் விழுந்த பூக்களில் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு ஆச்சியும் பேத்தியும் பஸ்ஸுக்கு நின்றார்கள்.

'இதுக்குப் பேரு செமல் ஆச்சி.'

'செமலாவது ஒண்ணாவது. இது இலவம்பூல்லாட்டி!'

நம்ம ஊரில் முள்ளிலவு என்று சொல்வார்களே, அதே மரம்தான். பஸ் வருவதற்குள் கதையும் வந்துவிட்டது. இலவங்காய் பழுக்கும், தின்னலாம் என்று ஒரு கிளி நாள்கணக்காகக் காத்துக் கிடந்ததாம். காய் முற்றி வெடித்தால் உள்ளே பஞ்சு! காற்றில் பறந்தே போய்விட்டது. இலவு காத்த கிளி.

வியாழன்: வகுப்பில் 'என் பூ' என்று ஒவ்வொருவரும் பேச வேண்டும். வாண்டு கிளிக் கதையை ஹிந்தியில் சொல்லியிருக்கிறது. டீச்சர் ஆச்சரியப்பட்டு, 'இது எங்க பாட்டி சொல்ற கதையாச்சே' என்றாராம். அவர் பீகாரில் தர்பங்கா பக்கம், வீட்டில் மைதிலி. ஹிந்திப் பக்கம் கபீரின் பாடல்களிலும் செமல் மரத்துக் கிளி உண்டு. தாமிரபரணிக் கரையில் ஏமாந்த கிளி கங்கைக் கரையிலும் ஏமாந்திருக்கிறது. வாண்டு இதை ஆச்சியிடம் சொன்னபோது ஆச்சி, 'அங்கயும் கிளிக்குப் புத்தி இல்லையாக்கும்' என்று முடித்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க ஆச்சி பார்க்கும் தமிழ்ச் சேனலில் மும்மொழிக் கொள்கைச் சண்டைதான். 'மும்மொழின்னா என்ன ஆச்சி?' 'மூணு பாஷை படிக்கணும்னு சொல்லுதாவ.' 'நான் மூணும் பேசறேனே!' பேசுகிறதுதான். ஆனால் வாண்டுவின் பையில் இருந்தவை ஹிந்திக்கு 'சாரங்கி', ஆங்கிலத்துக்கு 'மிருதங்', இரண்டும் 2023-ல் வந்த என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள். மூன்றாம் வகுப்புக்குப் போனால் 'வீணா', 'சந்தூர்'. கச்சேரிக்கு எல்லா வாத்தியமும் வந்தாயிற்று, தமிழுக்கு மட்டும் மேடையில் இடமில்லை. தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் தமிழ் உண்டு. 1923-ல் தொடங்கிய அமைப்பு, நம்மவர்கள் பல தலைமுறையாக அங்கே படித்திருக்கிறார்கள். ஆனால் நொய்டாவில் இந்த மூலையிலிருந்து ஏழு வயதுக் குழந்தையைத் தினமும் அவ்வளவு தூரம் அனுப்புவது நடக்கிற காரியமாக எங்களுக்குப் படவில்லை.

வெள்ளி: பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாள். 1952-ல் டாக்காவில் வங்க மொழிக்காக மாணவர்கள் உயிர்விட்ட நாள். யுனெஸ்கோ 1999-ல் அறிவித்து 2000 முதல் கொண்டாடுகிறார்கள். வகுப்பில் சுவர் நீளத்துக்கு ஒரு சார்ட். 'அம்மா', 'தண்ணீர்' இரண்டு சொல்லையும் அவரவர் வீட்டு மொழியில் எழுத வேண்டும். முந்தின ராத்திரி ஆச்சி துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுத்ததைப் பார்த்து வாண்டு பத்து முறை எழுதிப் பழகியது. 'ண்'ணுக்கு எத்தனை சுழி என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே எழுதியது.

சாயந்திரம் டீச்சர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தண்ணீருக்கு வங்காளிக் குழந்தை 'ஜொல்', மலையாளக் குழந்தை 'வெள்ளம்', நடுவில் நம்ம 'தண்ணீர்', கொஞ்சம் கோணல். ஆனால் சார்ட்டில் முக்கால்வாசி இடம் 'மா', 'பானி' என்றே இருந்தது. அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டுத் தாத்தா பாட்டி பேசுவது பஞ்சாபி, கட்வாலி, போஜ்புரி, மைதிலி என்று எனக்குத் தெரியும். லிஃப்டில் தினமும் கேட்கிறேனே. ஒரு கட்வாலிப் பையன் மட்டும் மலையில் இருக்கும் பாட்டிக்குப் போன் போட்டுக் கேட்டு 'ப்வே' என்று எழுதிக்கொண்டு வந்திருந்தான். கட்வாலியில் அம்மா. மற்றவர்கள் சிரித்தார்களாம். அவன் அப்பாவுக்கே அந்தச் சொல் வாயில் வராது.

அந்த வாரத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது நிலநடுக்கம் இல்லை, இந்தச் சார்ட்தான். அந்த வீடுகளில் யாரும் மொழியை வேண்டாம் என்று தூக்கிப் போடவில்லை. தாத்தா பாட்டிக்கும் ஹிந்தி தெரியும், அவ்வளவுதான். ஆகவே பேரனுக்கு அவர்கள் மொழி தேவைப்படவே இல்லை.

சனி: பெற்றோர் சந்திப்பு. டீச்சர் நல்லவர், குழந்தைகள் மேல் உயிரை வைத்திருப்பவர். வாண்டுவின் டிக்டேஷன் நோட்டைக் காட்டினார். ஹிந்தியில் நாலு 'க'. வாண்டுவோ 'கானா' என்று சாப்பாட்டுக்கும் பாட்டுக்கும் ஒரே எழுத்தைப் போட்டிருந்தது. 'வீட்டில் ஹிந்தியிலேயே பேசுங்களேன், மூன்றாம் வகுப்பில் சிரமப்படுவாள்' என்றார். 2020-ன் புதிய கல்விக் கொள்கை, முடிந்த இடங்களில் ஐந்தாம் வகுப்பு வரைக்குமாவது வீட்டு மொழியில் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறது. சட்டம் பேசலாமா என்று வாயைத் திறந்தேன். தங்கமணி முந்திக்கொண்டார்.

'மேடம், உங்க பசங்க மைதிலி பேசுவாங்களா?'

டீச்சர் சிரித்தார். 'புரியும். தர்பங்காவிலிருந்து எங்கம்மா போன் பண்ணினா ரெண்டு வார்த்தை பேசிட்டு என்கிட்ட குடுத்துடுவாங்க.' கொஞ்ச நேரம் நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் அவரே சொன்னார், 'சரி, வீட்டுல உங்க மொழியே இருக்கட்டும். தினம் பத்து வார்த்தை டிக்டேஷன் மட்டும் போடுங்க.' பேரம் படிந்தது. தினமும் சாயந்திரம் பதினைந்து நிமிஷம், நாலு 'க'வுக்கும் வாய் முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு பயிற்சி. காகிதம் ஆடினால் ஒரு 'க', ஆடாவிட்டால் வேறு 'க'. மார்ச் கடைசிக்குள் சாப்பாடும் பாட்டும் பிரிந்துவிட்டன.

அதே மார்ச் கடைசியில் ஆச்சி ரயிலேறினார். நாங்கள் பயந்தது இதற்குத்தான். வீட்டில் நானும் தங்கமணியும் தமிழில் பேசினாலும் எங்களுக்கு ஹிந்தி தெரியும் என்பது வாண்டுவுக்குத் தெரியும். பாதி வாக்கியத்தில் சொல் அகப்படாவிட்டால் ஹிந்தியைச் செருகிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். ஆச்சியிடம் அந்தப் பருப்பு வேகாது. புரியும் வரைக்கும் 'என்னது?' என்று கேட்டுக்கொண்டே இருப்பார். வாண்டுவின் தமிழுக்குப் பாடப்புத்தகம், டீச்சர், பரீட்சை எல்லாமே அந்த 'என்னது?'தான்.

இப்போது தினமும் ராத்திரி வீடியோ காலில் பள்ளிக்கூடச் செய்தி வாசிக்கப்படுகிறது. அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் டிவி கிடையாது, நானும் தங்கமணியும் மொழிபெயர்க்கவும் மாட்டோம். அந்த ஏப்ரல் கடைசியில் செமல் காய் வெடித்துத் தெருவெல்லாம் பஞ்சு பறந்தபோது, வாண்டு ஒரு கைப்பிடியைக் காமிராவுக்கு முன்னால் காட்டி, 'ஆச்சி, கிளி ஏமாந்துடுச்சு' என்றது.

போன மாதம் ஆச்சி என்னிடம் தனியாக ஒரு யோசனை கேட்டார். பேத்தி சொல்வது சட்டென்று புரியட்டும், பக்கத்துத் தெருவில் சொல்லிக்கொடுக்கிறார்களாம், ஹிந்தி வகுப்பில் சேரட்டுமா என்று. வேறு எதை வேண்டுமானாலும் படியுங்கள் அம்மா, ஹிந்தி மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் காரணத்தில் அரசியல் எதுவும் இல்லை மக்களே :-)