ஆலாக்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கும்?



எங்கள் பாடசாலைச் சுவரில் பிள்ளைகளோடு சேர்ந்து வரைந்த கடற்கரைப் படத்தைப் போன கிழமை போட்டிருந்தேன். நிறையப் பேர் பாராட்டியிருந்தீர்கள், அல்ஹம்துலில்லாஹ். "சேர், இதெல்லாம் கூகுளில் பார்த்து வரைந்ததா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். முதலில் அப்படித்தான் வரைந்தேன் தம்பி. அங்கேதான் பிழைத்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

நான் பிறந்தது மன்னார் எருக்கலம்பிட்டி. 1990 ஒக்டோபர் கடைசியில் எங்களை வெளியேற்றியபோது எனக்கு 9 வயது. வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினோம். அதை நான் விளக்கத் தேவையில்லை, இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் அதே வள்ளங்களில் வந்தவர்கள்தான். வாப்பா கடற்றொழில் செய்தவர். புத்தளம் வந்த பிறகு ஒரு நாளும் கடலுக்குப் போகவில்லை. கூலி வேலை செய்தார், பிறகு வீட்டு முன்னால் சின்னக் கடை போட்டார். கடலைப் பற்றி வீட்டில் பேசவும் மாட்டார்.

நான் சித்திரப் பாடம் படிப்பிக்கிறேன். ஒரு முறை பிள்ளைகளுக்குப் பூநாரை வரைந்து காட்டினேன். இன்டர்நெட்டில் பார்த்தபடி தலை முதல் வால் வரை நல்ல ரோஸ் நிறம். பிள்ளைகளுக்குச் சந்தோஷம், எனக்கும் பெருமை. அடுத்த ஜனவரியில் மன்னாருக்கு பஸ்ஸில் போனபோது, தள்ளாடியைத் தாண்டிப் பாலத்தில் ஏறுமுன், வங்காலைப் பக்கத்துக் களப்பில் உண்மையான பூநாரைகளைப் பார்த்தேன். எல்லாம் கிட்டத்தட்ட வெள்ளை! நான் பார்த்து வரைந்தது அமெரிக்கக் கரைகளில் இருக்கிற வேறு இனம். எங்கள் பக்கம் வருவதற்கு உடம்பு வெள்ளை, அதில் லேசான ரோஸ் ஒரு மூச்சு விட்டது மாதிரித்தான். கடும் சிவப்பும் கறுப்பும் சிறகுக்குள் மடிந்து கிடக்கும், பறக்கும்போதுதான் விரியும். குஞ்சுப் பருவம் தாண்டாதவை சாம்பல் நிறம். உண்ணுகிற இறால் வகைகளிலிருந்தும் பாசியிலிருந்தும்தான் அந்த ரோஸ் மெல்ல மெல்ல ஏறுகிறது. முழங்கால் பின்பக்கம் மடிகிறது என்று நாங்கள் வரைகிறோமே, அது முழங்காலே இல்லை, கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது.

அன்றைக்குப் பாதை ஓரத்தில் இருந்து வரையத் தொடங்கினேன். குடிக்கக் கொண்டுபோன தண்ணீர் முடிந்துவிட்டது. பிரஷ்ஷைக் களப்புத் தண்ணீரிலேயே தோய்த்தேன். காய்ந்த பிறகு தாளைத் தடவினால் உப்பு நறநறத்தது. அந்தத் தாளை இன்னும் எறியவில்லை.

அதற்குப் பிறகு டிசம்பர் விடுமுறைகளில் போகத் தொடங்கினேன். ஒரு தடவை நண்பர் ஒருவரின் மோட்டார் சைக்கிளில் விடத்தல்தீவு, பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் என்று யாழ்ப்பாணம் வரைக்கும். அந்தப் பயணத்தில் வரைந்ததை விட வெயிலில் கருகியதுதான் அதிகம். வங்காலைக்கு 2010 இல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது என்பதும் அப்போதுதான் தெரியும். எங்கள் ஊர் வாசலில் இருக்கிற களப்பு உலகப் பட்டியலில் இருக்கிறது, எங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்ததில்லை. சுவரில் வரையும் எண்ணம் அப்படித்தான் வந்தது.

வேலை தொடங்கியதும் ஒரு பெற்றார் வந்து, உயிருள்ளதை வரைவது சரியா சேர் என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பது எல்லோருக்கும் தெரியும், நான் வாதாடப் போகவில்லை. "உங்கட மகன் பறவை வரையத் தேவையில்லை, சேறும் கண்டலும் அவருக்கு" என்றேன். உண்மையைச் சொன்னால் அந்தச் சுவரில் ஆகத் திறமான வேலை அந்தப் பிள்ளையின் சேறுதான். மண்ணிறத்தில் துளி நீலம் கலந்து ஈரத்தைக் கொண்டுவந்துவிட்டான். அந்தச் சேறு இல்லாவிட்டால் என்ட பறவைகள் அந்தரத்தில்தான் நின்றிருக்கும்.

இப்போது வாப்பாவிடம் வருகிறேன்.

சுவருக்கான மாதிரிப் படத்தை டிமை தாள்களை ஒட்டி வீட்டு விறாந்தையில் விரித்து வரைந்துகொண்டிருந்தேன். மணல் திட்டில் இருபது முப்பது ஆலாக்கள். அழகாக இருக்கட்டும் என்று சிலதை இடது பக்கமும் சிலதை வலது பக்கமும் திருப்பி வைத்திருந்தேன். வாப்பாவுக்குப் பார்வை குறைவு. மஃரிப் தொழுதுவிட்டு வந்தவர் குனிந்து, முகத்தைத் தாளுக்குக் கிட்டக் கொண்டுபோய் நிறைய நேரம் பார்த்தார்.

"மகன், இது எந்தக் காலம்?"

"வாடைக் காலம் வாப்பா. மார்கழி."

"அப்ப ஏன் இதுகள் ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கொண்டு நிக்குது? ஆலா காத்துக்கு முகம் குடுத்துத்தான் நிக்கும். முதுகு குடுத்தா இறகெல்லாம் கிளம்பிடும். எங்கட கடல்ல நாங்க காத்துத் திரும்பினதை இதுகளப் பாத்தும் அறியிற."

எங்கட கடல். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டு முப்பது வருடத்துக்கு மேல். அன்றைக்கு இரவு இஷாவுக்குப் பிறகும் விடவில்லை. வாடை, சோளகம், கச்சான் என்று ஒவ்வொரு காற்றுக்கும் என்ன மீன், எந்தத் திட்டில் எந்தப் பறவை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உம்மா இரண்டு தரம் வந்து தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனார். ஒன்றும் பேசவில்லை, மூன்றாம் தரம் வந்து எங்களோடு இருந்துவிட்டார்.

வலசைப் பறவைகளையும் எங்களையும் ஒப்பிட்டுக் கவிதை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவை தாமாகப் போய்த் தாமாக வருகின்றன.

ஆலாக்கள் முழுவதையும் அழித்துவிட்டு வடகிழக்குப் பக்கம் திருப்பி வரைந்தேன். அடுத்த பயணத்தில் தலைமன்னார்க் கரையில் போய்ப் பார்த்தேன், திட்டில் இருந்த அத்தனையும் ஒரே பக்கம்!

சுவரில் வலது மூலை இன்னும் வெறுமையாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது வாப்பாவின் இடம். கறுப்பும் வெள்ளையுமாக, தடித்த கறுப்புச் சொண்டும் நீண்ட கால்களுமாக, ஓடி ஓடி நண்டு பிடிக்கிற ஒரு பறவையை அவர் சொன்னார். ஆங்கிலத்தில் கிறாப் புளோவர் என்பார்கள், மன்னாரில் நானும் கண்டிருக்கிறேன். ஆனால் ஊரில் அதற்கு ஒரு பேர் இருந்ததாம், அவருக்கு வருகுதில்லை. பேர் இல்லாமல் அதை வரையக் கூடாது என்கிறார். எருக்கலம்பிட்டி, தாராபுரம், விடத்தல்தீவில் கடலுக்குப் போன மூத்தவர்கள் உங்கள் வீடுகளில் இருந்தால் தயவுசெய்து கேட்டுச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் சுபஹுக்குப் பிறகு, "ஆராவது சொன்னாங்களா மகன்?" என்று கேட்கிறார்.