மிருதங்கமும் விண்ணப்பப் பத்திரமும்

பௌதிகவியல் படிக்க விரும்பும் பிள்ளைக்கு மிருதங்கம் எதற்கு என்று நம்மவர் கேட்பது வழக்கம். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. உயர்தரத்திற் கணிதப் பிரிவை எடுத்த மாணவனின் பல்கலைக்கழகப் பிரவேசத்தை நம் நாட்டிலே பெரும்பாலும் இசட் புள்ளியே தீர்மானிக்கிறது. அதிலே தாளத்துக்கு இடமில்லை. ஆகவே, வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளில் மூன்று நான்கு தரங்கள் சித்தியடைந்த பிள்ளைகளும் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தவுடன் வாத்தியத்தை உறையிலிட்டு மூலையில் வைத்துவிடுகிறார்கள்.

சென்ற ஆண்டு என்னிடம் பௌதிகவியல் கற்ற மாணவன் ஒருவன் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க முற்பட்டபோதுதான் இவ்விஷயத்தின் மறுபக்கத்தை ஊன்றி நோக்க நேர்ந்தது. வீட்டிலே வசதி குறைவு. வெளிநாட்டு மாணவருக்கும் தேவை முழுவதற்கும் உதவிப்பணம் அளிக்கும் கல்லூரிகள் அங்கே சிலவே. அவற்றுள் ஒன்றில் இடம் கிடைத்தாலன்றி அவன் கடல் கடப்பது நடவாத காரியம். ஆசிரியரின் சிபாரிசுக் கடிதம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அங்கே 1000க்கு மேற்பட்ட கல்லூரிகள் ஏற்றுக்கொள்ளும் 'கொமன் அப்ளிகேஷன்' என்னும் பொது விண்ணப்பத்தில், பாடத்துக்குப் புறம்பான முயற்சிகளுக்கெனப் பத்து இடங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் விவரிப்பதற்கு இடைவெளி உட்பட 150 எழுத்துகளே கிடைக்கும். எந்த வகுப்புகளில் ஈடுபட்டாய், வாரத்துக்கு எத்தனை மணி, ஆண்டுக்கு எத்தனை வாரம் என்றும் கேட்கிறார்கள். நம்முடைய வாழ்த்துமடல் நடைக்கு அங்கே இடம் போதாது!

மாணவனின் தகப்பனார் வந்தார். "சேர், அகில இலங்கைப் புகழ்பெற்ற வித்துவான் என்று போட்டால் என்ன? அங்கேயிருந்து ஆர் வந்து பார்க்கப் போகினம்?" என்றார். நல்ல மனிதர், மகன்மேல் வைத்த ஆசை அவ்வாறு பேசவைத்தது. நான் உடன்படவில்லை. பொய் என்பது ஒருபுறமிருக்க, அறிந்தவர் அங்கே இல்லை என்பதும் தவறு. கனெக்ரிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்கு, நாட்டிய மேதை பாலசரஸ்வதியின் சகோதரர் ரங்கநாதன் 1963ஆம் ஆண்டிலேயே மிருதங்கம் கற்பிக்கச் சென்றுவிட்டார். மேலும், இசையைப் பிரதான பாடமாக எடுக்காதவரும் தம் வாசிப்பை ஒலிப்பதிவு செய்து அனுப்பப் பல கல்லூரிகள் இடமளிக்கின்றன. அப்பதிவைச் செவிமடுப்போர் பெரும்பாலும் அக்கல்லூரிகளின் இசைத்துறை ஆசிரியர்களே. ஆதலால் சுமாரான பதிவை அனுப்புவதிலும் அனுப்பாதிருப்பதே மேல்.

பையனும் கோவில் மண்டபத்தில் இருந்து ஒரு தனி ஆவர்த்தனத்தைப் பதிவு செய்தான். அவனுடைய குருநாதர் அதை இருமுறை கேட்டுவிட்டு, "இன்னும் இரண்டு வருஷம் போகட்டும், தம்பி" என்றார். பதிவு அனுப்பப்படவில்லை. பையனுக்கு முகம் வாடிற்று. ஆயினும் குருவின் சொல்லை அவன் மீறவில்லை.

நிற்க. அந்த 150 எழுத்துகளில் அவன் எழுதியது இவ்வளவே: வெள்ளிதோறும் கோவிற் பஜனைக்கு வாசித்தது, நாட்டிய வகுப்புச் சிறுமியரின் ஒத்திகைக்கு ஊதியமின்றி வாசித்தது, அயல்வீட்டுச் சிறுவர் மூவருக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்தது. மணிக்கணக்கையும் கூட்டாமல் எழுதினான்.

என் கடிதத்தில் நான் ஆய்வுகூடத்தைப் பற்றியே எழுதினேன். தனி ஊசலின் அலைவுகளை எண்ணும்போது மற்றப் பிள்ளைகள் முப்பதிலோ நாற்பதிலோ கணக்கை விட்டுவிட்டு மீண்டும் தொடங்குவார்கள். இவன் விடுவதில்லை, விரல்கள் மேசையில் மெல்ல அசைந்துகொண்டிருக்கும். ஒத்திகையில் ஒரு சிறுமி அடி தவறினால், அவளை நிறுத்தாமலே தாளத்துக்குள் திருப்பிக் கொணரும் பொறுமையையும் குறிப்பிட்டேன். பக்கவாத்தியம் என்றால் இன்னதென்று அந்நியருக்கு விளக்க எனக்கு அதைவிட நல்ல உதாரணம் அகப்படவில்லை.

ஏழு கல்லூரிகள் மறுத்தன. ஒன்று முழு உதவிப்பணத்துடன் அழைத்தது. கணிதப் புள்ளிகளே முதற் காரணமாயிருக்கும் என்பது என் எண்ணம். தகப்பனாரோ மிருதங்கந்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். இப்பொழுது அவர் என்னிடம் வந்து விசாரிப்பதெல்லாம், அந்தப் பனிக்குளிரில் வாத்தியத்தின் தோல் என்ன பாடுபடும் என்பதைத்தான்.