அரிசியும் வேதமும்

திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்துக்கு அடியில் கறுத்துக் கிடக்கும் தண்ணீரைத் தாண்டும்போது எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். அது பக்கிங்காம் கால்வாய். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அதன் சுமார் 8 கிலோமீட்டர் நீளம் 1877-78இல், தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசித்தவர்கள் மண் சுமந்தார்கள். கால்வாய்க்கு ஆளுநரின் பெயரை வைத்தார்கள்.

அந்தப் பஞ்சத்தில் நிவாரணக் கூலியைக் குறைத்தவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். 1877 தொடக்கத்தில் அவர் நிர்ணயித்தது ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. பெண்ணுக்கு அதிலும் குறைவு. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம், "பஞ்சத்துலயுமா மேடம்?" என்று ஏதாவது ஒரு பெண் கேட்டுவிடுவாள். பஞ்சத்தில்தான், அம்மா.

அதே பஞ்சத்தில் திருநெல்வேலிச் சீமையில் பல ஆயிரம் பேர் வேதத்தில் சேர்ந்தார்கள். நாசரேத் பக்கத்து ஊரொன்றில், தாயின் கையைப் பிடித்துக்கொண்டு மிஷன் கஞ்சித்தொட்டிக்குப் போன சிறுமிகளில் என் அம்மாவின் கொள்ளுப்பாட்டியும் ஒருத்தி. 'அரிசிக் கிறிஸ்தவர்' என்ற வசை அன்றிலிருந்து எங்கள் பின்னாலேயே வருகிறது. பசித்தவள் சோறு இருக்கும் இடத்துக்குப் போனதில் என்ன குற்றம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த கதையில், முதலில் விசுவாச அறிக்கை வாங்கிக்கொண்டு அப்புறம்தான் பந்தி வைத்ததாக நான் படிக்கவில்லை.

அதைவிட முக்கியமானது அதற்குப் பிறகு நடந்தது. மழை பெய்தது. கஞ்சித்தொட்டி மூடப்பட்டது. அரிசிக்காகப் போனவள் என்றால் அன்றைக்கே திரும்பியிருக்க வேண்டும். அவள் திரும்பவில்லை. கோயிலுக்குள்ளும் அவளுக்குப் பின்வரிசைத் தரைதான். சாதி அவளுக்கு முன்பே ஞானஸ்நானம் வாங்கி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. ஆனாலும் அவள் இருந்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டாள். மகளையும் படிக்க வைத்தாள். இதை ஏன் யாரும் கணக்கில் எடுப்பதில்லை?

கணக்கு என்று வந்துவிட்டதால் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் நாங்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறோம். ஆதிக்கசாதிக்காரர் எங்களைத் தெருவில் வைத்து அடித்தால், சாதிப்பெயர் சொல்லி அடித்தாலும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எங்கள் பக்கம் வராது. அடிப்பவருக்கு நாங்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறோம் என்பது பொருட்டில்லை. சட்டத்துக்கு மட்டும் பொருட்டு. மதத்தைப் பார்க்காமல் அந்தஸ்து கொடுக்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே சொல்லிவிட்டது.

நான் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது பட்டியல் சாதி மாணவர்களுக்கென ராஜீவ் காந்தி ஃபெலோஷிப் இருந்தது. எங்கள் துறையில் என்னைப் போலவே கால்வாய்க் கரைக் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு தோழிக்கு அது கிடைத்தது; கிடைக்க வேண்டியதுதான். நான் மாலையில் டியூஷன் எடுத்துக்கொண்டு சங்க இலக்கியம் படித்தேன். சான்றிதழை மாற்றிக்கொள் என்று அறிவுரை சொன்னவர்கள் நல்ல மனிதர்கள். எங்கள் உறவிலேயே பாதிக் குடும்பங்களில் அண்ணன் இந்து, தங்கை கிறிஸ்தவள். அண்ணனுக்கு வேலை வேண்டும். தங்கைக்கு எப்படியும் கல்யாணம்தானே. வேதத்தைக் காப்பாற்றும் பொறுப்பும் வீட்டு வேலையைப் போலப் பெண்ணிடம் வந்து சேர்கிறது.

2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அப்பா இந்து, அம்மா கிறிஸ்தவர், குழந்தையிலேயே ஞானஸ்நானம், எழுத்தர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். கோயிலுக்குப் போய்க்கொண்டே இந்து என்று சொல்ல முடியாது என்று மறுத்தது நீதிமன்றம். நம்பிக்கையில்லாமல் சலுகைக்காக மதத்தைச் சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்றும் சொன்னது. சரி. சலுகை போனாலும் பரவாயில்லை என்று நம்பிக்கையை வைத்துக்கொண்டவர்களுக்கு என்ன பெயர்? அதற்கு ஒரு சொல் எந்தத் தீர்ப்பிலும் என் கண்ணில் படவில்லை.

அம்மா தி.நகரில் ஒரு துணிக்கடையில் 19 வருஷம் நின்றாள். நின்றாள் என்றுதான் சொல்ல வேண்டும். உட்கார நாற்காலி கிடையாது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது 2021இல். அதற்குள் அம்மாவின் கால் நரம்புகள் சுருண்டு நீலமாகிவிட்டிருந்தன. ஓய்வு நாளை ஆசரி என்கிறது கட்டளை. ரங்கநாதன் தெருவில் ஞாயிறுதான் வியாபாரம். காலை ஆறு மணி ஆராதனைக்குப் போய்விட்டு, ஆசீர்வாதம் கூறுவதற்குள் எழுந்து ஓடி பஸ் பிடிப்பாள். கிறிஸ்துமஸ் அன்று மட்டும் லீவு. அதற்கும் ஒரு நாள் சம்பளம் பிடித்துக்கொள்வார்கள்.

உலை வைக்குமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவாள். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு அது பிடியரிசிக் காணிக்கை. மிசோரமின் பிரெஸ்பிடேரியன் பெண்கள் 1910 முதல் இதையே செய்கிறார்கள். அங்கே அதற்கு 'புஃபாய் தாம்' என்று பெயர், அந்த அரிசி விற்ற பணத்தில் சபையின் எவ்வளவோ வேலைகள் நடக்கின்றன. எங்கள் வீட்டில் அது ரேஷன் அரிசி. அரிசிக் கிறிஸ்தவர்கள் என்று எங்களைச் சொன்னவர்களுக்கு, அரிசி எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போயிற்று என்று அந்த பாட்டிலைக் காட்டியிருக்கலாம்.

2020 ஊரடங்கில் நான் வேலை பார்த்த சுயநிதிக் கல்லூரி பாதிச் சம்பளம் என்றது. இரண்டு மாதம் அதுவும் வரவில்லை. ஆலயம் மூடியிருந்தது. பாட்டில் நிறைந்தது, அம்மா ஒரு தூக்குவாளியை எடுத்து அதில் போட ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டு அக்கா அடையாறில் மூன்று வீடுகளில் வேலை செய்தவர். மூன்று வீட்டிலும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தூக்குவாளி அங்கே போயிற்று. அந்த அக்கா முண்டகக்கண்ணி அம்மனைக் கும்பிடுகிறவர். அம்மா எதுவும் கேட்கவில்லை, எந்தத் துண்டுப்பிரதியும் கொடுக்கவில்லை.

அந்த மாதங்களில்தான் அம்மாவின் கைப்பேசிக்குள் ஒரு ஊழியக்காரர் வந்து சேர்ந்தார். தசமபாகம் கொடுக்காத வீட்டில்தான் கடன் நிற்கிறது என்பார். திரையின் கீழே வங்கிக் கணக்கு எண் ஓடும். ஏழை விதவையின் இரண்டு காசுதான் அவருக்குப் பிடித்த கதை. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. வெளியே நின்று வசை சொல்கிறவரும் உள்ளே நின்று வாக்குக் கொடுக்கிறவரும் வைத்திருப்பது ஒரே பேரேடு: இவ்வளவு விசுவாசத்துக்கு இவ்வளவு அரிசி. மாற்கு 12ஆம் அதிகாரத்தை எடுத்து அம்மாவின் முன்னால் வைத்தேன். விதவை வருவதற்குச் சற்று முன்பு, விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். அவள் போன பிறகு, அடுத்த அதிகாரத்தில், இந்த ஆலயம் இடிந்துபோகும் என்கிறார். நடுவில் நிற்கிறாள் அவள், பிழைப்புக்கு இருந்ததையெல்லாம் போட்டுவிட்டு. போய் நீங்களும் அப்படியே செய்யுங்கள் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. அது பாராட்டா, அங்கலாய்ப்பா என்று வேத அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அவ போட்டது அவ காசு. அதுல நீயும் பேசாத, அந்த ஐயரும் பேச வேண்டாம். வாங்குனவன் கணக்குச் சொல்லட்டும்," என்றாள். அந்தக் கணக்கு எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்லி என்னிடம் அவள் கேட்கவே இல்லை. அந்த மனிதரைப் பார்ப்பதை நிறுத்தவும் இல்லை. பாட்டு நல்லா பாடுறார் என்பாள்.

கடன் எப்போது தீர்ந்தது என்று கேட்பவர்களுக்கு: 2023 வரை வட்டி கட்டினோம். எந்த அற்புதமும் நடக்கவில்லை.

இந்த வருஷம் எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் ஒரு மாணவி. வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர். பட்டினப்பாக்கத்தில் அவள் தெருவில் எல்லாரும் கூப்பிடுவது வேறு பெயர். குரூப் 4 விண்ணப்பம் போடும் நேரம். சான்றிதழில் இருப்பதையே வைத்துக்கொள்ளலாமா, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதைப் பிரச்சினையாக்குவார்களா என்று கேட்டாள். தீர்ப்பைப் பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டினேன், வழக்கறிஞர் தோழி ஒருத்தியின் எண்ணையும் கொடுத்தேன். என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்றாள். அதை நான் சொல்ல முடியாது, வீட்டில் அம்மாவிடம் கேட்டாயா என்றேன்.

"அம்மாதான் மேடம் பேரை மாத்தி எழுதுனாங்க. ராத்திரி பூரா ஜெபம் பண்ணிட்டு, காலையில போய் எழுதுனாங்க."